இருப்பு 560 கிராம்: செஞ்சிக்குப் போன கதை

1986 மே மாதம் செஞ்சிக்குப் போனேன். கோட்டை பார்க்க அல்ல, ரத்தம் அளக்க. சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் நான் டெக்னீஷியன், வயது இருபத்து மூன்று. கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் சில தகவல்கள் உதவும்.

பாரிமுனையில் காலை 5.30க்கு ஏறினால் திண்டிவனம் வழியாகச் செஞ்சி 9.45. ஏறக்குறைய 150 கிலோமீட்டர், பதினான்கு ரூபாய். என்னோடு வந்த ஆக்சிஜன் சிலிண்டருக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட்.

"இது வெடிக்குமா சார்?" என்றார் கண்டக்டர்.

"வெடிக்காது."

"அப்ப பின்னாடி போடு. வெடிக்கும்னா டிரைவர் பக்கத்துல வெச்சிருப்பேன். அப்பவாவது கொஞ்சம் வேகமா ஓட்டுவாரு."

வேலை இதுதான். ஒரு துளி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிடுவார்கள். உடம்பு முழுவதும் சேர்த்து எத்தனை கிராம் என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டு வழிகள். நீலச் சாயத்தை நரம்பில் ஏற்றி, அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்த்துக் கணக்கிடுவது ஒன்று. லாரிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை மிகச் சிறிதளவு, ஆக்சிஜனோடு கலந்து, ஒரு பையிலிருந்து சுவாசிக்க வைத்து, ரத்தம் அதை எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. ஒரே ஆளுக்கு முதல் நாள் சாயம், மறுநாள் வாயு. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் எனக்கு மேலதிகாரியாகக் கூட வந்திருந்த டாக்டரின் ஆராய்ச்சி. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் ஒரு அறை கொடுத்தார்கள்.

பன்னிரண்டு பேர் தேவை, எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். ஆள் குறைந்ததால் பட்டியலில் பன்னிரண்டாவதாக என் பெயரையே டாக்டர் எழுதிக்கொண்டார். மற்றவர்கள் உள்ளூர்க் கூலிக்காரர்கள். ஏன் சென்னையிலேயே செய்யவில்லை என்று கேட்டேன். "இங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க" என்றார். ஒளிவுமறைவில்லாத மனிதர்.

ஆனால் ஏழுமலை கேட்டார். முப்பது வயது, ரேஷன் கடையில் மூட்டை இறக்குகிறவர். படிவத்தில் 'மொத்த ஹீமோகுளோபின் நிறை' என்று அச்சடித்திருந்தது.

"இன்னா சார் இது?"

எனக்கும் எளிய தமிழில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துவிட்டு, "உங்க உடம்புல இருக்கிற ரத்தத்தோட இருப்புன்னு வெச்சிக்கோங்க" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

முதல் நாள் சாயக் கணக்கில் அவருக்கு 560 கிராம் வந்தது. ஒல்லியான உடம்புக்கு நல்ல அளவு. "இருப்பு நல்லாவே இருக்குது" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நாங்கள் சொன்னபடி வெறும் வயிற்றோடு வந்து வாயுப் பையை வாயில் வைத்தார். பத்து நிமிடம். முடித்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல சார், வெயிலு" என்றார். வெயில் இன்னும் ஏறவே இல்லை. நான் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். கடைக்கு லாரி வந்துவிட்டது என்று போய்விட்டார்.

வாயுக் கணக்கில் 475. மற்றவர்களுக்கும் வாயுக் கணக்கு குறைவாகத்தான் வந்தது, ஆனால் நாற்பது கிராமுக்குள். இவருக்கு எண்பத்தைந்து.

"பையிலே கசிய விட்டிருப்பே. இந்த ஆள் பேரை அடிச்சுடு" என்றார் டாக்டர்.

"வாயு கசிஞ்சா ரத்தத்துல கொஞ்சமாத்தான் ஏறும், அப்ப ரத்தம் நிறைய இருக்கிற மாதிரி கணக்கு கூடத்தான் செய்யும் சார். இது குறைஞ்சிருக்கு."

நான் ரேஷன் கடைக்கு நடந்தேன். பஸ் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர். வாசலில் கரும்பலகை: அரிசி இருப்பு, சர்க்கரை இருப்பு, மண்ணெண்ணெய் இருப்பு. அதன் கீழே ஏழுமலை தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இங்கேருந்து எங்கே போனீங்க?"

"விழுப்புரம். எம் பொஞ்சாதி அஞ்சலைக்கு வெள்ளிக்கெழம ஆப்பரேசன் சார், வயித்துல கட்டி. ரெண்டு பாட்டில் ரத்தம் கட்டுனாத்தான் கத்திய எடுப்போம்னுட்டாங்க. ஒண்ணு நான் குடுத்துட்டேன்."

"என்கிட்ட சொல்ல வேணாமா?"

"நீதான சார் சொன்ன, இருப்பு இருக்குதுன்னு? இருப்பு இருந்தா குடுக்கணுமா இல்லியா? போர்டுல இருக்குதுன்னு எழுதிட்டு ஜனத்த இல்லன்னு தொரத்துறது கடக்காரன் வேல. நம்ம அப்பிடியா?"

ஒரு பாட்டில் ரத்தத்தில் ஏறக்குறைய ஐம்பது கிராம் ஹீமோகுளோபின். அதைக் கூட்டினால் இவர் கணக்கும் மற்றவர்களுடையதுபோல் ஆகிவிடும். 'சமீபத்தில் ரத்தம் கொடுத்தீர்களா' என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. முதல் நாள் கேட்டேன். இரண்டாம் நாள் கேட்கவில்லை. ரத்தம் குறைந்த மனிதனுக்கு மேற்கொண்டு விஷவாயுவையும் கொடுத்திருக்கிறேன்.

"இன்னொரு பாட்டில்?"

"மச்சான் தரேன்னான். ஊசியப் பாத்ததும் மேல்மலையனூருக்கு வேண்டுதல் பாக்கி இருக்குதுன்னு பஸ் ஏறிட்டான். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்குது, கழுத." சிரித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "இன்னிக்கி ஊதுனதுல எவ்ளோ இருக்குது சார்? இன்னொரு பாட்டில் தேறுமா?"

"தேறாது. இருப்பு இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். போர்டுல அழிச்சாச்சு."

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஒரு பாட்டில் குறைஞ்சதைக்கூட வாயு பிடிச்சிருக்கே! அந்த ஆளை அடிக்காதே, அவன்தான் முக்கியம்." அந்த ஆளுக்குத் தலை சுற்றுகிறது என்றேன். "இரும்புச் சத்து மாத்திரை கொடு" என்றார். எனக்கு அன்று காலை சாயம் ஏற்றியிருந்தது, மறுநாள் வாயு. அந்த மறுநாள் காலையில் டாக்டரிடம் சொல்லாமல் விழுப்புரம் பஸ் ஏறினேன். 7.10க்குப் புறப்பட்டது, 38 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். எல்லோருக்கும் ஒத்துப்போகிற ஓ நெகட்டிவ் ரத்தம் எனக்கு. சாயம் ஏற்றியதை அங்கே சொன்னேன். யாரையோ கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

வார்டில் அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் புள்ளையா? இதுக்கே ரெண்டு பாட்டில் ஏத்தணும் போல இருக்குது. சாப்டியாப்பா?"

வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். வாயு ஊதாததால் பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்த என் பெயர் அடிக்கப்பட்டது. ஏழுமலையின் பெயருக்கு எதிரே நான் 'பரிசோதனைக்கு முன் நாள் ஒரு பாட்டில் கொடுத்தவர், எங்களிடம் சொல்லப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். 'எங்களிடம் சொல்லப்படவில்லை' என்பதை அடித்து, 'நாங்கள் கேட்கவில்லை' என்று திருத்தினேன்.

போகிறவர்களுக்கு: கோட்டை பஸ் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், குதிரை வண்டி மூன்று ரூபாய். ராஜகிரி ஏறி இறங்க மூன்று மணி நேரம் வேண்டும், மே மாதத்தில் ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். மேலே தண்ணீர் கிடைக்காது. அமாவாசையன்று போகாதீர்கள், எல்லா பஸ்ஸும் மேல்மலையனூருக்குப் போய்விடும். உங்களிடம் யாராவது ரத்தம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

ரத்தம் கொடுத்த மறுநாள் மலை ஏறாதீர்கள். நான் ஏறிப் பார்த்தேன். நல்ல சோறு, முழுத் தூக்கம், வாயு எதுவும் ஊதவில்லை. அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தைத் தாண்டுவதற்குள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை அதே மறுநாள், எங்கள் வாயுவை ஊதி, பன்னைத் தின்று டீயைக் குடித்துவிட்டு, நாற்பது மூட்டை இறக்கியிருந்தார்.