இட்லித் தட்டில் ஒரு கரும்புள்ளி

அண்ணியின் மடிக்கணினி எங்கள் வீட்டு இட்லித் தட்டின் மேல் இருந்தது. சூடேறி அணைந்துவிடாதபடி, தட்டின் துளைகளுக்குள் டேபிள் ஃபேன் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அம்மா உப்புமாதான் கிளறினார்.

குழந்தைக்காக வேலையை விட்டிருந்த அண்ணி, மறுபடி வேலை தேடினார். பதில் போட்டது ஒரே ஒரு நிறுவனம். தேர்வாக, கெடு வைத்து ஒரு கணக்கும் அனுப்பியது. ஒலியைவிட வேகமான காற்று, மரம் பிளக்கும் ஆப்பு போன்ற கூர்முனையில் மோதினால் என்ன ஆகும் என்று மென்பொருளில் காட்ட வேண்டும். அதிர்ச்சி அலை சாய்ந்த கோடாகத் தெரிய வேண்டும். அந்த மென்பொருளை அவர் அதற்குமுன் திறந்ததே இல்லை. "இதுவும் போச்சுன்னா இனிமே யாரும் கூப்புட மாட்டாங்க தம்பி" என்றார்.

காற்றுவெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஓடவிடுவார். எண்கள் தாறுமாறாக ஏறி, சிவப்பு எழுத்தில் நின்றுவிடும். கட்டங்களை இன்னும் சிறிதாக்குவார், மறுபடி நிற்கும். "மெதுவா போற காத்துக்கு முன்னால ஏதோ இருக்குதுனு சேதி வந்துடும், ஒதுங்கிக்கும். இதுக்கு மோதுற வரைக்கும் தெரியாது."

"எங்க பரீட்சை பேப்பர் மாதிரியே இருக்குது அண்ணி, கைக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசி நாள் மதியம்தான், எடுத்தவுடன் முழு வேகத்தையும் கொடுத்தது தவறு என்று பிடிபட்டது. குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார். மாலையில் ஆப்பின் முனையிலிருந்து கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு எழுந்தது. "வந்துட்டுது தம்பி!"

அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. இணையம் கைபேசி வழியாகத்தான். பௌர்ணமியன்று கூட்டம் சேர்ந்தால் எதிர்வீட்டுக்குக்கூடப் பேச முடியாது. அன்றைக்கு ஊரில் யாரும் போனை நம்பி எதையும் வைத்துக்கொள்வதில்லை. "ஏம்மா, பௌர்ணமினு கூடவா தெரியல? காலையிலேருந்து வாசல்ல ஜனம் போவுது" என்றார் அம்மா. அண்ணி அன்று வாசல் பக்கமே வரவில்லை.

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி அவர் கூட்டத்தை எதிர்த்துச் செங்கம் சாலையை நோக்கி நடந்தார். கைபேசியை உயரத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். "வலம் அந்தப் பக்கம்மா! எதுக்கால வர்றீங்களே" என்று ஒருவர் கடிந்தார். "வழி விடுங்கண்ணா, வழி விடுங்க" என்றபடியே அண்ணி முன்னேறினார். நெரிசல் தாண்டி, ஒரு டீக்கடை ஓரத்தில் இணைப்பு கிடைத்தபோது கெடு முடிந்திருந்தது. நிறுவனத்தின் பக்கம் மூடப்பட்டிருந்தது. அண்ணி திரையை மடக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. இப்போது கீழ்பென்னாத்தூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு நடத்துகிறார். இட்லித் தட்டு பானைக்குத் திரும்பிவிட்டது. ஒரு குழியின் விளிம்பில், மடிக்கணினியின் ரப்பர் கால் உருகி ஒட்டிய கரும்புள்ளி இருக்கிறது. அம்மா தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. அந்தக் குழியில் மட்டும் அண்ணி மாவு ஊற்றுவதில்லை.