டோரதி ஜெல் பூசிய திங்கட்கிழமை

சுருட்டை முடி சோறு போடும் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் டோரதியைப் பார்த்திருக்க மாட்டார்கள். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டைத் திருத்திக் கட்டிய ஒரு சின்ன ஹோட்டல். அங்கே பதினோரு வருடமாக அறை துப்புரவு அவள் வேலை. லிஃப்ட் கிடையாது. படுக்கை விரிப்புகளைச் சுமந்து மூன்று மாடி ஏறி ஏறி இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனிப் படியேறக் கூடாது என்றார் டாக்டர். ஏறாமல் எப்படிப் பிழைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, வருகிறவர்களை வரவேற்கும் முன்மேசையில் ஓர் இடம் காலியானது. மலாய், இங்கிலீஷ், தமிழ், கொஞ்சம் ஹொக்கியன் சீனம், நாலும் டோரதியின் வாயில் வரும். மேலாளர் ஜன்னத்துக்கும் அவள்மேல் பிரியம்தான்.

"திங்கக்கிழம ஒரு நாள் உக்காந்து பாருங்கக்கா. முதலாளி வந்து பாப்பாரு. ஆனா தலதான்... குருவிக்கூடு மாதிரி இருக்குலா."

"கொண்ட போட்டுக்கிறேன்."

"போட்டாலும் பிச்சுக்கிட்டு நிக்குதே!"

மகள் கிறிஸ்டல் சுருட்டை முடிக்கென்றே வந்த புது ஜெல் ஒரு டப்பா வரவழைத்தாள்.

"ஷாம்பு போட்டு அலசிட்டு, ஈரத்துலயே பூசி கசக்கி விடுங்க. எண்ணெய் மட்டும் தொடவே கூடாது. கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுடி. காது நல்லாத்தான் இருக்கு, முட்டிதான் போச்சு."

எண்ணெய் வைக்காத தலை டோரதிக்கு அரைகுறையாக உடுத்திய உடம்பு மாதிரி. திங்கட்கிழமை விடியலில் குளித்து வந்தவள், மகள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உச்சியில் தேய்த்துக்கொண்டாள். ஒரு சொட்டு என்ன செய்துவிடப் போகிறது? அதன் மேலேயே ஜெல்லை அள்ளிப் பூசினாள்.

காய்ந்ததும் முடி கொத்துக் கொத்தாக, திராட்சை மாதிரி தொங்கியது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் தன் தலையைப் பார்த்துத் தானே சிரித்தாள்.

"யாருலா இந்த அழகி?" என்றாள் கிறிஸ்டல்.

பத்து மணிக்கு முதலாளி வந்து ஓரமாக நின்றார். வெளியூர்க்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். டோரதி சிரித்த முகமாக வரவேற்று, குனிந்து எழுதத் தொடங்கினாள். பாஸ்போர்ட்டின் மேல் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. ஊதிவிட்டாள். இன்னும் உதிர்ந்தது. எண்ணெய்மேல் ஒட்டாத ஜெல் செதில் செதிலாகக் கழன்று, முன்மேசைக்கென்று கொடுத்த கறுப்புக் கோட்டின் தோளெல்லாம் கிடந்தது. வந்தவர் பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் இழுத்துக்கொண்டார். முதலாளி ஜன்னத்தைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னத் அவளைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுத் தோளைத் தட்டிவிட்டாள்.

"பொடுகு இல்லம்மா, ஜெல்லு. எண்ணெய் வச்சது என் தப்பு."

"தெரியும்க்கா. நானும் சொல்லிப் பாத்தேன். வேற பிள்ளையப் பாக்கச் சொல்லிட்டாரு. நாளைக்குப் பழைய யூனிஃபார்ம்லயே வந்துடுங்க."

அந்தப் பெண் ஜன்னத்தும் என்ன செய்வாள்? அவளும் சம்பளக்காரிதானே.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் கிறிஸ்டல் கத்தவில்லை. அம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து முட்டிக்குத் தைலம் தேய்த்தாள்.

"அடுத்த தடவ எண்ணெய் இல்லாமப் போடலாம்மா."

"அடுத்த தடவன்னு அவங்க ஒண்ணும் சொல்லலியே."

மறுநாள் மூன்றாம் மாடியில் ஆறு அறை. விரிப்பு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து டோரதி ஏறினாள்.