பெயர் சொல்லாத மாத்திரை

"காலேஜுக்குப் போனவளுக்குக் கொசுக்கடி கூடவா தெரியாது?" என்று கேட்டுச் சிரித்தாள் எங்கள் லைன் லீடர் அக்கா. என் கணுக்காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளை அவளிடம் காட்டியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனி. ஷிப்ட் முழுக்க நின்றே வேலை. மாதவிலக்கு வலியில் யாராவது குனிந்தால் அக்கா ஒரு மாத்திரை தருவாள். லைனுக்குள் மருந்து கொண்டுவரக் கூடாது என்பதால் அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பாள். "வாயில போட்டுகினு நில்லுடி. நீ போனா லைன் நின்னுபூடும்." போன வாரம் நானும் ஒன்று போட்டேன். பெயரை யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியவள் அவள். அவளிடம் போய் என்ன கேட்பது?

கொசுக்கடி அரிக்கும். இது எரிந்தது. புள்ளிகள் முழங்கால்வரை ஏறிக் கருஞ்சிவப்பாகி, தடவினால் மேடாகத் தட்டுப்பட்டன. அம்மை என்று பயந்து அம்மா வேப்பிலை பறித்துவந்தாள். நான் தண்டலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையவில்லை.

"உள்ள இருக்கிற சின்ன ரத்தக்குழாய்ங்க வீங்கி, ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. உடம்புக்கு ஏதோ ஒத்துக்கல. நின்னுகிட்டே இருக்கிறதால கால்ல தெரியுது."

சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் சோதனை எழுதினார். சோதனைக்காகக் காலிலிருந்து துளியூண்டு தோலை வெட்டி எடுத்தார். பிறகு, "என்ன மாத்திரை சாப்பிட்ட? ஒரு வாரம் கழிச்சுக்கூட இது வரும். பேர் தெரியணும். தெரியாம மறுபடி அதையே போட்டா இன்னும் மோசமாகும்" என்றார்.

அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, போன வாரம் வயித்துவலிக்குக் குடுத்தீங்களே, அது பேரு இன்னாக்கா?"

"நான் எப்போடி குடுத்தேன்? என் வேலைக்கு உலை வைக்காத."

போனை வைத்துவிட்டாள். டாக்டர் மேசையைப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளைப் போல உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்டது ஒரு பெயர்தான்.

மறுநாள் விடுப்பு. ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினேன்.

"அக்கா குடுக்கிற மாத்திரை பேரு யாருக்காச்சும் தெரியுமா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேக்கிங்கில் இருக்கும் ஒருத்தி மட்டும் இறங்கிவந்தாள். "நான்தான் மெடிக்கல்ல வாங்கியாருவேன். அக்கா அனுப்புன போட்டோ கீது, பாரு" என்று போனை நீட்டினாள். அட்டையில் பெயர் தெளிவாக இருந்தது.

படத்தை டாக்டருக்கு அனுப்பினேன். அடுத்து, எங்கள் லைன் வாட்ஸ்அப் குழுவில் என் கால்களின் படத்தோடு அந்தப் பெயரையும் போட்டுவிட்டேன். அந்தக் குழுவில் அக்காவும் இருக்கிறாள்.