பாய்லருக்கு விறகு, எனக்குப் பானகம்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். ராஜபாளையத்தில் மில் பாய்லருக்கு விறகு போடுகிறேன். போன ஆடிப்பூரத்தன்று சுகர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, விரதமாக ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் இழுக்கப் போனேன். வடம் பிடித்த கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டேன். பானகம் ஊற்றிக்கொண்டிருந்த பெண் டம்ளரோடு ஓடி வந்தார்.

"வேண்டாம்மா, எனக்கு சுகர்."

"எனக்குந்தாண்ணே. மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா ரத்தத்துல சீனி இறங்கிரும். குடிங்க, பொறவு என்னைய ஏசுங்க!"

குடித்தேன். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. விறகு குறைந்தால் நீராவி இறங்கும் என்று தெரிந்த எனக்கு, தின்ற சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஓடித்தான் கைக்குப் பலம் தருகிறது என்பது அன்றுதான் புரிந்தது.

இன்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், தேர் நிலைக்கு வரும்வரை இழுத்தேன். அந்தப் பெண்ணிடம் நேரில் நன்றி சொல்லக் கூச்சம், அதனால் எழுதிவிட்டேன்.

ஆடிப்பூரம், மாலை.