சீஸுக்கு எழுதிய உரை

சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி ஒன்று அண்மையில் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆலைகளில் பதப்படுத்திப் பொதிசெய்து விற்பவற்றைக் குறைத்து, தீட்டாத அரிசி, குரக்கன் எனும் கேழ்வரகு, பயறு, கீரை முதலியவற்றை உண்ணுமாறு அது நாட்டு மக்களுக்கு அறிவுறுத்துகிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இதே உண்மையை எங்கள் குடும்பம் பல்லாண்டுகளுக்கு முன்னரே பாடசாலை மண்டபத்தில் உரத்த குரலில் அறிவித்திருக்கிறது. அறிவித்தவள் நானே. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் குடும்ப மதிப்பை முன்னிட்டு இதுவரை வெளியில் சொன்னதில்லை.

எங்கள் தகப்பனாரான ஐயா, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தார். ஆங்கிலக் கல்லூரியில் கற்றவர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் மாலை வீடு திரும்புபவர். வீட்டில் எங்கள் காலையுணவு பெரும்பாலும் குரக்கன் பிட்டு. ஐயா அதை விரும்பியே உண்பார். ஆயினும் வாசற் படலை திறக்கும் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவிடுவார். வெளியில் அவர் வெள்ளைக்காரரைப் போலப் பாணும் பட்டரும் உண்பவர் என்றே பெயர்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பாடசாலையில் சத்துணவுக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஒவ்வொரு மாணவியும் ஓர் உணவைக் காட்சிக்கு வைத்து, அதைப் பற்றிச் சில வசனங்கள் பேச வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டுப் பொருள்கள் கண்ணாலும் காணக் கிடைக்காத காலம் அது. கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொடுத்த தகரத்தில் அடைத்த சீஸ் பேணி ஒன்று எங்கள் அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தது. ஐயா அதையே தெரிவு செய்தார். தலைமையாசிரியருக்கும் கச்சேரி நண்பர்களுக்கும் செய்தி போய்விட்டது. பரிசு கிடைக்காவிட்டால் ஐயா அந்த வீதியால் நிமிர்ந்து நடக்க இயலாது என்பது எனக்கும் புரிந்திருந்தது.

உரையை அவரே எழுதினார்.

"இவ்வுணவு கல்சியம் மிக்கது. எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி பயப்பது. மேலைநாட்டறிஞர் இதன் சிறப்பை ஆராய்ந்து போற்றுவர். எங்கள் இல்லத்தில் நாள்தோறும் காலையுணவாக அமைவது இதுவே."

கடைசி வசனத்தை நான் ஒப்புவித்தபோதெல்லாம், அடுக்களையில் பிட்டு அவித்துக்கொண்டிருந்த அம்மா ஒருமுறை என்னைப் பார்ப்பார். பிறகு அடுப்பைப் பார்ப்பார்.

"இஞ்சருங்கோ, பிள்ளை ஊருக்கு முன்னாலை பொய் சொல்லப்போறாளோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"உமக்கு உது விளங்காது. அது பேச்சுக்கலை," என்றார் ஐயா.

கண்காட்சி நாள் காலையில் ஐயா தம் முன்னிலையிலேயே பேணியை வெட்டுவித்தார். மஞ்சள் நிறக் கட்டி துண்டு துண்டாக வெட்டப்பட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றப்பட்டு, பிஸ்கட்டுகளுடன் அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மாவின் தம்பியான சின்ன மாமா வெங்காயத் தோட்டத்துக்குப் போகும் வழியில் என்னைச் சைக்கிளில் ஏற்றிச் செல்வது வழக்கம். அம்மா ஒரே நிறத் துணிப்பைகள் இரண்டைக் கொண்டுவந்தார். மாமாவின் மதியச் சாப்பாட்டை ஹாண்டிலில் கொழுவிவிட்டு, மற்றையதை என் மடியில் வைத்தார்.

மண்டபத்தில் என் பையைத் திறந்தேன். உள்ளே குரக்கன் பிட்டு இருந்தது. முருங்கையிலை வறை, அவித்த பயறு, மூடிபோட்ட கிண்ணத்தில் தயிர், ஓர் இதரை வாழைப்பழம். எல்லாம் வாழையிலைத் துண்டில் கோயிற் படையல்போல ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வழக்கத்தில் மாமா தோட்டத்துக்குக் கொண்டுபோவது பழஞ்சோறும் பச்சைமிளகாயுமே. இன்று மட்டும் ஏன் இந்த அலங்காரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பை மாறிவிட்டது என்ற ஒரே எண்ணத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் ஐயா நின்றார். அவருடைய முகம் எண்ணெய்த்தாளின் நிறத்துக்கு வந்திருந்தது.

நடுவராக வந்தவர் சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த டொக்டர் அம்மா. மேசைகளில் ஜாம் போத்தல்களும் கோடியல் என்னும் பழப்பானப் போத்தல்களும் ரின்பால் பேணிகளும் அணிவகுத்திருந்தன. ஊரிலே எல்லோரும் தத்தம் அலுமாரிகளைத் திறந்திருந்தார்கள் போலும். டொக்டர் அம்மா ஒவ்வொன்றையும் அலுப்போடு கடந்து என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உதைப் பற்றிச் சொல்லும் பாப்பம்."

மனனம் செய்ததை இடையில் நிறுத்துவது தோல்வி என்று பழக்கப்பட்டவள் நான். வேறு வசனம் எதுவும் என்னிடம் இருக்கவுமில்லை. குரக்கன் பிட்டை நோக்கிக் கையை நீட்டி, சீஸுக்கு எழுதிய உரையை ஓர் எழுத்தும் பிசகாமல் முழங்கினேன்.

டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"குரக்கனிலை கல்சியம் இருக்கெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஐயா."

"ஆராய்ச்சி செய்யினம் எண்டதும்?"

"ஐயாதான்."

"வீட்டிலை உண்மையா ஒவ்வொரு நாளும் உதுதானோ சாப்பாடு?"

"ஓம்," என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் என்னுடையது.

ஐயா முன்னுக்கு அழைக்கப்பட்டார். மண்டபமே அவரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். "எங்கடை வீட்டிலை உதுதான் வழக்கம்," என்றார். சற்று யோசித்து, "நான் கண்டிப்பாச் சொல்லிப்போட்டன்," என்றும் சேர்த்துக்கொண்டார். முதற்பரிசு எனக்கு. கைதட்டலில் ஓட்டுக்கூரைப் புறாக்கள் பறந்தன.

பின்னேரம் சின்ன மாமா சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுச் சத்தமிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"அக்கா! சாப்பாட்டுக்குப் பிஸ்கட்டும் சவுக்காரமுமே கட்டித் தந்தனீ? பிஸ்கட்டைத் திண்டுபோட்டுக் கிணத்தடியிலை அந்த மஞ்சள் கட்டியாலை கை கழுவினன். எவ்வளவு தேய்ச்சும் நுரை வரேல்லை. இப்பவும் கையிலை ஒரு மணம்!"

ஐயா ஒரு கணம் கண்களை மூடினார். கப்பலேறி வந்த சீஸ் வெங்காயப் பாத்திக்குப் பாய்ந்துவிட்டது. ஆனால் பரிசுக் கிண்ணம் மேசையில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து அம்மாவை அழைத்தார்.

"இஞ்சாரும், குரக்கனைப் பற்றி உமக்கு ஒண்டும் தெரியாது. அதிலை கல்சியம் இருக்கு. இனிமேல் ஆர் வந்தாலும் அதையே குடும். விளங்குதோ?"

"ஓமோ? எனக்கு உதெல்லாம் எங்கை தெரியும்? நீங்கள் சொன்னாச் சரி," என்றார் அம்மா.

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். பின்தொடர்ந்து சென்ற நான், அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பதைக் கண்டேன். தோள்கள் குலுங்கின. கண்களில் நீர் வழிந்தது. நல்ல நாளும் அதுவுமாக ஐயா அம்மாவை அழவைத்துவிட்டாரே என்று எனக்குப் பெருங்கோபம் வந்தது. செம்பில் தண்ணீர் வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து, அழவேண்டாம் என்று அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன்.