ஒரே எண் மூன்று முறை வந்தது

சில வருடங்களுக்கு முன், கொழும்புத்துறைப் பக்கம் எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் நடந்தது இது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். சி என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். அதிர்ஷ்டலாபச் சீட்டிழுப்பைக் கணினியில் செய்து தருவதாக நானே ஃபாதரிடம் சொல்லியிருந்தேன். பரிசு ஒரு புதுச் சைக்கிள்.

வீட்டில் நிரலை ஒரே ஒருமுறை ஓட்டிப் பத்து எண்களை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் வெவ்வேறாகத்தான் வந்தன. விற்பனை முடிந்து ஐந்நூறு சீட்டு என்று தெரிந்ததும், ஒன்றிலிருந்து ஐந்நூறுக்குள் ஒரு எண் வரும்படி மேடையில் வைத்தே மாற்றினேன். ஃபாதர் முதலில் சும்மா ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார். திரையில் 384 வந்தது. "இனித்தான் உண்மையான சீட்டு" என்று அறிவித்தார். ஓட்டினேன். மறுபடியும் 384.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் அந்த எண் சீட்டுடன் ஓடி வந்தார். பருத்தித்துறையிலிருந்து நேர்த்திக்கடன் தீர்க்க வந்தவராம். எங்கள் ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது. "என்ரை மகள் ரியூசனுக்கு நடந்துதான் போறவள்" என்றபடி சைக்கிளின் இருக்கையைத் தடவினார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "முதலே எழுதி வைச்சிருக்கு! உவ ஆரின்ரை ஆள்?"

பதறிப்போய் மூன்றாம் முறை ஓட்டினேன். அதே 384. ஒரு அம்மா மாதாவின் அற்புதம், புதுமை என்று சிலுவை போட்டுக்கொண்டார். சிலர் கள்ளம் என்று மேடையை நெருங்கினார்கள். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. பிழை என்னிலா, கணினியிலா, உண்மையிலேயே புதுமைதானா?

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார். "பிள்ளை கள்ளம் செய்யேல்லை. கள்ளமெண்டால் எல்லாருக்கும் முன்னாலை மூண்டாந்தரமும் ஓட்டுவாளோ? எனக்குச் சைக்கிள் வேண்டாம், ஃபாதர். எல்லாற்றை சீட்டுத் துண்டையும் வாளிக்குள்ளை போட்டுக் குலுக்கி எடுங்கோ."

அப்படியே செய்தார்கள். சைக்கிள் வேறு யாருக்கோ விழுந்தது. நான் மேடையிலிருந்து இறங்கித் தேடியபோது அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் வகுப்பில் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். கணினி தரும் எண்கள் ஒரு கணக்கின்படி வரும் நீண்ட வரிசைதானாம். அது தொடங்கும் இடத்தை, நேரத்தை வைத்தோ வேறு எதையாவது வைத்தோ, நாம் மாற்றிக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கணினி அதே வரிசையை முதலிலிருந்து தொடங்குமாம்; வீட்டில் ஒருமுறை மட்டுமே ஓட்டியதால் எனக்கு அது தெரியவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. முதல் முறை 384 வருமென்று எனக்கே தெரியாதே! அப்படியென்றால் கள்ளம் எங்கே இருந்தது? அந்தச் சைக்கிள் நியாயமாக அவருக்குத்தானே சேர வேண்டும்?

இன்று எத்தனையோ பெரிய நிரல்களை எழுதிவிட்டேன். ஆனாலும், மகளுக்குக் கிடைத்த சைக்கிளை முன்பின் தெரியாத எனக்காக ஒரு நொடியில் விட்டுக்கொடுக்க அவரால் எப்படி முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.