பாதிப் பட்டம்

ஸகாஸிக் நகரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து லுத்ஃபி வீடு எது என்று கேட்டால், "இன்ஜினியர் வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரொட்டிக் கடைக்காரன், துணி தேய்ப்பவன், கீழ்வீட்டுக் குழந்தைகள், எல்லோருக்கும் அவன் இன்ஜினியர்தான். அவனும் நானும் ஒரே கட்டடத்தில் வளர்ந்து, ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் வணிகவியல் படித்தேன். எங்கள் நாட்டில் வணிகவியல், சட்டம், இலக்கியம் படித்தவனை 'உஸ்தாத்' என்பார்கள். பஸ் கண்டக்டர் பெயர் தெரியாத பயணியையும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவான். நாலு வருடம் கண்விழித்து நான் சம்பாதித்தது அதைத்தான்.

லுத்ஃபியின் அம்மா பதீயாவுக்கு உலகத்தில் இரண்டே படிப்புகள்தான்: டாக்டர், இன்ஜினியர். மற்றதெல்லாம் பையன்கள் கல்யாண வயது வரும்வரை பொழுது போக்கும் இடங்கள்.

பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து அரசாங்கமே எங்களுக்குக் கல்லூரியை ஒதுக்கும். நம் விருப்பங்களை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதீயா அம்மாள் சொல்லச் சொல்ல லுத்ஃபி எழுதினான். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல். அதோடு அவள் பட்டியல் முடிந்துவிட்டது.

"அப்புறம்மா?"

"மீதிய எதையாச்சும் போட்டு நிரப்புடா. அவ்வளவு தூரம் எங்க வரப்போவுது?"

அவ்வளவு தூரம்தான் வந்தது. எதையாச்சும் என்று போட்டதில் ஒன்று விவசாயக் கல்லூரி.

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு மதிப்பெண் என்பது தக்காளி விலை போல ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி. உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள், எத்தனை வருடம், வெளியே வந்தால் என்ன வேலை, இதை எந்த வீட்டிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

பதீயா அம்மாள் நெற்றியில் ஈரத்துணியோடு சோபாவில் படுத்துவிட்டாள். என் அம்மா எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு மேலே போனாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்:

"விவசாயம் படிச்சாலும் தொழில் சங்கத்துல சேத்துக்குவாங்க அக்கா. அட்டையில விவசாய இன்ஜினியர்னுதான் போடுவாங்களாம்."

ஈரத்துணி கொஞ்சம் மேலே போனது. "என்னன்னு போடுவாங்க?"

"விவசாய இன்ஜினியர்."

"கடைசி வார்த்தைய மட்டும் இன்னொரு தடவ சொல்லு."

அன்று மாலை கட்டடம் முழுக்க, நல்ல சேதிக்குக் கொடுக்கும் சிவப்பு சர்பத் வந்தது. முதல் வார்த்தை அந்த சோபாவிலேயே தங்கிவிட்டது.

பொறியியல் ஐந்து வருடப் படிப்பு. லுத்ஃபி நாலு வருடத்தில் முடித்து வந்து நின்றான். இரண்டாம் மாடிக்காரி மாடிப்படியில் மறித்துக் கேட்டாள்.

"என் தம்பி மவன் அஞ்சு வருசமா படிக்கிறான். உங்க பையன் எப்படிக்கா நாலுல முடிச்சான்?"

"உன் தம்பி மவன் கொஞ்சம் மந்தமோ என்னவோ" என்றாள் பதீயா அம்மாள்.

லுத்ஃபி ஏமாற்றுக்காரன் இல்லை. யாராவது இன்ஜினியர் என்றால், "நான் விவசாயம்ங்க, செடிக்கு வர்ற நோய் பத்திப் படிச்சேன்" என்று சொல்லிப் பார்த்தான். கேட்டவர்கள் சிரித்து அவன் முதுகில் தட்டினார்கள். இவ்வளவு பெரிய படிப்பு படித்தும் தலைக்கனம் இல்லாத பையன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம். கடைசியில் அவனும் ஓய்ந்துபோனான். அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. தக்காளி இலை ஏன் சுருள்கிறது என்று காபிக் கடையில் அவன் ஆரம்பித்தால் நாங்கள் பேச்சை மாற்றுவோம்.

பிறகு சம்பந்தம் வந்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஹாஜி பயூமியின் மகள் இன்ஸாஃப். "பொண்ணு டாக்டரு" என்றாள் தரகுக்காரி. பதீயா அம்மாள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பக்கம் "பையன் இன்ஜினியர்" என்று சொல்லியிருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை.

பெண் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். இனிப்பும் தேநீரும் வந்த கையோடு ஹாஜி பயூமி லுத்ஃபியைக் கையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப் போனார். தரையும் சுவரும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

"பாத்து சொல்லுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

லுத்ஃபி விரிசலைப் பார்த்தான். விரிசலில் முளைத்திருந்த ஒரு செடியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். "மாமா, இத ஒரு நல்ல இன்ஜினியர்கிட்ட காட்டுங்க."

ஹாஜி உள்ளே வந்து மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னார்: "நம்மகிட்ட கூலி கேக்கக் கூச்சப்பட்டு வேற ஆளச் சொல்றாரு. நல்ல குடும்பம்."

இதற்குள் பதீயா அம்மாள் அங்கியை முழங்கால் வரை தூக்கிவிட்டிருந்தாள். "ஒரு வருசமா வலி உயிரு போவுது டாக்டரம்மா. கொஞ்சம் பாரேன்." இன்ஸாஃப் தரையில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். கை பழக்கப்பட்ட கைதான். வாயும் பழக்கத்திலேயே போய்விட்டது.

"தீனி ஒழுங்கா எடுக்குதா?"

"என்னம்மா?"

"இல்ல, சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா அத்தை? நெய்யக் கொறைங்க. தெனம் கொஞ்சம் நடங்க. எதுக்கும் எலும்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க."

பெரியவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். துணைக்கு என்று என்னை ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். நான் இனிப்பைப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நீங்க எந்த இன்ஜினியரிங்?" என்று கேட்டாள் இன்ஸாஃப்.

"விவசாயம். நீங்க எந்த டாக்டர்?"

"மாடு. எருமை, ஆடு, கழுதையும் பாப்பேன்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு லுத்ஃபி முகம் மாறி, இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றான்.

"சொன்னா கல்யாணம் நிக்கும். சொல்லலேன்னா பால்கனி நிக்காது" என்றாள் அவள். "எனக்குக் கல்யாணம் நின்னா வருத்தமா இருக்கும் போலிருக்கு."

கல்யாணம் நடந்தது. அழைப்பில் ஒரு பக்கம் இன்ஜினியர், மறு பக்கம் டாக்டர்.

அடுத்த மழைக்காலத்தில் விரிசல் பெரிதானது. வீட்டுக்குள்ளேயே இன்ஜினியர் இருக்கும்போது வெளி ஆளைக் கூப்பிட்டால் மாப்பிள்ளைக்கு அவமானம் என்று ஹாஜி பிடிவாதமாக இருந்தார். கடைசியில் கட்டடப் பொறியியல் படித்த கரம் என்ற எங்கள் பள்ளித் தோழனை லுத்ஃபி கூட்டிப் போனான். ஹாஜியிடம் "என்கூட வேல பாக்குறவரு" என்று மட்டும் சொன்னான். ஹாஜி அதை உதவியாள் என்று எடுத்துக்கொண்டார்.

கரம் தட்டிப் பார்த்தான், சுரண்டிப் பார்த்தான், இந்த பால்கனியில் இனி யாரும் கால் வைக்கக்கூடாது என்றான்.

ஹாஜி அவனைக் கையமர்த்தினார். "நீ இரு தம்பி. பெரியவரு சொல்லட்டும்." பிறகு பெருந்தன்மையாக, "கூடவே இருந்து நல்லா கத்துக்க. நாளைக்கு நீயும் இவர மாதிரி வரலாம். அந்த நாற்காலிய இப்படி எடுத்துப் போடு" என்றார்.

கரமுக்குப் பொறுக்கவில்லை. "ஹாஜி, அஞ்சு வருசம் கட்டடம் படிச்சவன் நான். இவன் படிச்சது தக்காளி!"

அரை மணி நேரத்தில் ஹாஜி எங்கள் கட்டடத்து வாசலில் நின்றார்.

"தக்காளிக்காரனுக்கா என் டாக்டர் பொண்ணக் கட்டி வெச்சீங்க? மோசடி!"

"வெறும் தக்காளின்னு நெனச்சீரா? எம் மவன் உருளைக்கெழங்கும் பாப்பான்!" என்று பதீயா அம்மாள் மேலிருந்து கத்தினாள்.

படியில் இறங்கி வந்த இன்ஸாஃப் இருவருக்கும் நடுவில் நின்றாள். "அப்பா, கத்தாதீங்க. அத்தை, நான் மாட்டு டாக்டர்."

பதீயா அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ என் முழங்கால்?"

"கொறைஞ்சிருக்குல்ல?"

"கொறைஞ்சிருக்குதான். அதுக்காக?"

இரண்டு பெரியவர்களும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். இரண்டாம் மாடிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. பதீயா அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாசல்ல எதுக்கு நிக்கிறீங்க சம்பந்தி, மேல வாங்க. டாக்டரம்மா, அப்பாவுக்குத் தேநீர் போடு" என்றாள். ஹாஜியும் படியேறிக்கொண்டே தெருவுக்குக் கேட்கும்படி, "இன்ஜினியர் எத்தன மணிக்கு வருவாரு?" என்று விசாரித்தார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. பால்கனியை கரம்தான் இடித்துக் கட்டினான். தெருவில் பேர் லுத்ஃபிக்குப் போனது.

அவர்களுடைய ஒரே மகள் லமீஸ். அவள் பள்ளி இறுதி ஆண்டில் இருந்தபோது லுத்ஃபி ஒரு முடிவுக்கு வந்தான். பெயரைப் பார்த்து எதையும் எழுதக்கூடாது. மகளையும் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கினான். சட்டம் நாலு வருடம், ஆனால் வக்கீலாக நிற்க அதற்குமேல் பயிற்சி வேண்டும். பொறியியலில் முதல் வருடம் எல்லோருக்கும் பொது, எந்தப் பிரிவு என்பது பிறகுதான். மருந்தியல் படித்தவர்களில் பாதிப் பேர் மருந்து விற்கிறார்கள், மருந்து செய்வதில்லை. இரண்டு வருடத் தொழிற்கல்வி நிலையத்தில் படித்தால் சீக்கிரம் வேலை, ஆனால் அங்கிருந்து மேலே படிக்கக் கதவு குறுகல். லமீஸ் எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு இடத்திலும் அங்கே படிப்பவர்களைத் தனியாகப் பிடித்து, "காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வீங்க?" என்று ஒரே கேள்வியைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நர்சிங் என்றாள். மதிப்பெண் வந்தபோது மருந்தியலே கிடைக்கும் என்ற நிலை. அப்போதும் நர்சிங்தான் என்றாள்.

"ஹாஜி தாத்தா ஆஸ்பத்திரியில கெடந்தாருல்ல? டாக்டர் வந்தாரு, போனாரு. மீதி நேரம் பூரா அவரத் தூக்கினது, தொடைச்சது, மருந்து குடுத்தது யாரு? எனக்கு அந்த வேல வேணும்ப்பா."

நன்றாகத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடு என்று சொன்னவனே லுத்ஃபிதான். சரி என்றான். ஆனால் மறுநாள் காபிக் கடையில் ஒருவர் கேட்டபோது, "மருத்துவத் துறை" என்று சொல்லிவிட்டுக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தேன். உஸ்தாதுக்கு என்ன தெரியும்? எப்படியோ அது லமீஸ் காதுக்குப் போய்விட்டது.

"அப்பா, நர்சிங். நாலே எழுத்து. தொண்டையில மாட்டிக்காது, சொல்லிப் பாருங்க."

மாட்டிக்கொண்டது, கொஞ்ச நாள். பிறகு பழகிவிட்டது.

லமீஸ் இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். போன வாரம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன லுத்ஃபி மதியம் போய் மாலையில்தான் திரும்பினான். வார்டில் படுத்திருந்த ஒரு விவசாயி யாரென்று கேட்டாராம். நர்ஸோட அப்பா, விதை நிலையத்தில் வேலை பார்த்தவன் என்றானாம். அவர் எழுந்து உட்கார்ந்து, தன் எலுமிச்சை மரம் பூத்துப் பூத்துக் கொட்டிவிடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அடுத்த கட்டில்காரருக்கு மாமரம். லமீஸ் வந்து நோயாளிகள் தூங்க வேண்டும் என்று அப்பாவை வெளியே அனுப்பும்வரை அவன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.